மருத்துவப் படிப்பில் நுழையும் வழியும் திரும்பும் வழியும்



  பள்ளிப் படிப்பை முடித்தவர் மருத்துவத் துறைக்குள் செல்ல இன்று எத்தனையோ வழிகள் உள்ளன. அவற்றுள் எதை, எந்த அளவுகோல் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கருத்தரங்கின் ஆய்வுப்பொருள். காஞ்சிபுரத்தில் இதைப் பேசுவது பொருத்தமானது என்று கருதுகிறேன்.

இம்மாவட்டத்து வாலாஜாபாத்துக்கு அருகில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் பதினொன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகிய மூன்றும் அக்கோயிலைச் சார்ந்து நடந்ததை அது விரிவாகச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதுகூட வெட்டப்பட்டிருக்கிறது. கற்கும் இடமும் நோயாளி இருக்கும் இடமும் அங்கே அடுத்தடுத்து இருந்தன. நம் காலத்தில் மருத்துவராக முடிவெடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு நோயாளிக் கூடத்தில் அரைநாள்கூட நின்றதில்லை. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மருத்துவக் கல்லூரிக்குப் பள்ளியிலிருந்து நேராகச் செல்லும் பழக்கம் நமக்குத் தொன்றுதொட்டு வந்தது அன்று. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்துத் தேறிய பிறகே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் இன்டர்மீடியட், அதன்பின் பி.யூ.சி. என்று பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் நடுவே ஒரு கல்லூரிக் காலம் இருந்துவந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததும் அந்தக் காலம் பள்ளிக்குள் அடங்கிவிட்டது. 1984-இல் மாநில நுழைவுத்தேர்வு வந்தது. 2007-இல் அது போனது. 2017 முதல் நீட். சேர்க்கை முறை பலமுறை மாறியது. ஆனால், முடிவெடுக்கும் வயது குறைந்துகொண்டே வந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சொல்லப்போனால் இன்று அந்த முடிவு பதினேழு வயதில்கூட எடுக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்து உயிரியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பதினைந்து வயதிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893-இல் தொடங்கியபோதே பட்டதாரிகளை மட்டும் சேர்த்துக்கொண்டது. பிறகு நான்காண்டு இளநிலை, நான்காண்டு மருத்துவம் என்பது அங்கே பொதுவழக்காயிற்று. அந்த நீண்ட காத்திருப்புக்கு மாற்றாகவே இரண்டையும் இணைத்துப் பள்ளி முடிந்ததும் இடம் தரும் படிப்புகள் எழுந்தன. மிசூரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியது ஆறாண்டுப் படிப்பு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் படிப்பு எட்டாண்டு. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இவற்றை ஆர்வத்தோடு தேடுகின்றன. இவ்விரு படிப்புகளுக்கும் நோக்கம் ஒன்றல்ல. முதலாவது ஆண்டுகளைக் குறைக்கிறது. இரண்டாவது ஓராண்டையும் குறைப்பதில்லை. மருத்துவ இடம் உறுதி என்ற நிம்மதியைக் கொடுத்து, வரலாறோ மெய்யியலோ கணிதமோ விரும்பியதை ஆழ்ந்து படிக்க வைக்கிறது. நம் எம்.பி.பி.எஸ். முதல் வகையைச் சேர்ந்தது. நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி மருத்துவம், ஐந்தரை ஆண்டில் மருத்துவர். விரைவு என்பது இதன் பெரும் பலம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு எட்டாண்டு காத்திருப்பு இயலாத காரியம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் பிள்ளைகளின் முன்னே இன்று இருப்பவை எவை? அரசுக் கல்லூரி எம்.பி.பி.எஸ். முதல் விருப்பம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. அவ்வழியில் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இவ்வூர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது திறந்திருக்கும் உண்மையான வழி. மறுமுனையில், ஆண்டுக் கட்டணம் 20 லட்ச ரூபாயைத் தாண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், புனே ராணுவ மருத்துவக் கல்லூரியும் பணிக் கடப்பாட்டோடு இடம் தருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் இணைத்து நான்காண்டு பி.எஸ். படிப்பைத் தொடங்கியது. இதற்கு நீட் தேவையில்லை. ஆனால், படித்து முடித்தவர் மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. சித்த மருத்துவம், ஆறாண்டு ஃபார்ம்.டி., செவிலியம், இயன்முறை மருத்துவம் ஆகியவை தம் அளவில் முழுமையான தொழில்கள். அவற்றை எம்.பி.பி.எஸ். கிடைக்காதவரின் புகலிடமாகப் பார்ப்பது அப்பணிகளுக்கும் அவற்றை விரும்பிச் செய்வோருக்கும் நாம் இழைக்கும் அநீதி.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்கிறேன். 2021 நவம்பரில் வெளியான தேசிய மருத்துவ ஆணைய விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நீடிக்க வேண்டும்; ஆங்கிலவழியில் இருக்க வேண்டும்; அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும்; அந்நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதியையும் தர வேண்டும். திரும்பி வந்து உரிமத் தேர்வும், இங்கே மீண்டும் ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. முகவர் தரும் வண்ணத் தாளில் முதலாண்டுக் கட்டணம் மட்டும் பெரிதாக அச்சாகியிருக்கும். இந்த விதிகளைத் தமிழில் தெளிவாக எழுதி ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒட்ட வேண்டும்.

இந்த ஊருக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வருபவர் சேலையைப் புரட்டிப் பார்க்கிறார், சரிகை அசலா என்று கேட்கிறார், எடையைப் பார்க்கிறார். ஐந்தரை ஆண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்துக்கு அந்த அளவு ஆராய்ச்சிக்குக்கூட வாய்ப்பில்லை. தரவரிசையும் கட் ஆஃபும் மட்டுமே கையில் இருக்கின்றன. குடும்பங்கள் கேட்க வேண்டியவை நான்கு கேள்விகள். இப்பட்டம் எந்த உரிமத்தைத் தரும்? கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைக்கு நாள்தோறும் உண்மையாகவே நோயாளிகள் வருகிறார்களா? கடைசி ஆண்டு வரையிலான மொத்தச் செலவும் பணிக் கடப்பாடும் எவ்வளவு? இப்படிப்பு பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் என்ன வழி?

நான்காவது கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. இரண்டாண்டு எம்.பி.பி.எஸ். படித்தபின், தனக்கு இது ஏற்றதல்ல என்று உணரும் மாணவர் வெறுங்கையோடு வெளியேற வேண்டும். உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றில் தேறியிருந்தாலும் அதற்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை. இடத்தைக் கைவிட்டதற்கு அபராதமும் கட்ட நேரிடலாம். அக்கம்பக்கத்தார் பேச்சு தனி. ஆகவே, விருப்பமில்லாமலே படித்து முடிக்கிறார்கள். அதன் விளைவைச் சுமப்பவர் நோயாளி.

நுழைய முடியாதவர் நிலையும் இதற்கு நிகரானதே. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கை ஒரு கணக்கைத் தந்தது. 2016-17-இல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினர் மறுமுறை எழுதியவர்கள். 2020-21-இல் அது 71 விழுக்காடு. பயிற்சி மையத்தில் ஓராண்டு, ஈராண்டு செலவிட்டும் இடம் பெறாதவர்களிடம் அந்த உழைப்புக்குச் சான்றாக எதுவும் எஞ்சுவதில்லை. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் நடுவே முன்பிருந்த கல்லூரிக் காலத்தின் இடத்தைப் பயிற்சி மையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்னது பட்டப்படிப்புக்கு அழைத்துச் சென்றது; பின்னது மறுதேர்வுக்கு மட்டுமே அழைத்துச் செல்கிறது.

என் கருத்து இதுதான்: பதினேழு வயதில் முடிவெடுக்கச் சொல்லும் எந்தப் படிப்பும் அந்த முடிவைத் திருத்திக்கொள்ளவும் இடம் தர வேண்டும். இதற்கு மூன்று முன்மொழிவுகளை அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, மூன்றாண்டு முடித்து விலகுவோர்க்கு மருத்துவ அறிவியலில் இளநிலைப் பட்டம். அதைக்கொண்டு ஆய்வுக்கோ, பொதுச் சுகாதாரத்துக்கோ, ஆசிரியப் பணிக்கோ அவர்கள் செல்லலாம். பிற துறைப் பட்டதாரிகள் மருத்துவத்துக்குள் வர ஒரு சிறு பங்கு இடங்களையும் இதோடு சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

இரண்டாவது, பதினொன்றாம் வகுப்பிலேயே மருத்துவமனை அறிமுகம். அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று. ஆனால், அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. காரப்பேட்டையில் பேரறிஞர் அண்ணா பெயரால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. செங்கல்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயாளியின் அந்தரங்கத்துக்கு ஊறு நேராத வகையில், செவிலியரோடும் ஆய்வகத்தாரோடும் அரசுப் பள்ளி மாணவர்கள் சில நாட்கள் இருந்து பார்க்கட்டும். சிலருக்கு ஆசை உறுதிப்படும், சிலருக்கு மாறும். இரண்டுமே நன்மைதான்.

மூன்றாவது, ஆய்வு. இடையில் விலகியோர், மறுமுறை எழுதி இடம் பெறாதோர், வெளிநாடு சென்று திரும்பியோர் ஆகியோரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனிக்கும் பதிவேடு வேண்டும். முதலிடம் பெற்றவரின் படம் நாளிதழில் வருகிறது. மற்றவர்களைப் பற்றிய தரவு இல்லாமல் நல்ல கொள்கை எதையும் வகுக்க இயலாது. கல்வியியலாளரும் சமூகவியலாளரும் மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அவர்கள் அனைவரும் இந்த அவையில் இருக்கிறீர்கள்.

கட்டுரை வாசிப்போர் என் முன்மொழிவுகளைத் தயங்காமல் மறுக்கலாம். மேலான மாற்று தந்தால் மகிழ்வேன். மருத்துவப் படிப்பை நாடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியான தகவலும், சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும், மதிப்போடு திரும்பும் வழியும் கிடைக்கச் செய்யும் தீர்மானங்களோடு இந்த அவை கலைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.