அஞ்சும் பொருளை எதிரே அமர்த்துக



ஆகாரம், அபயம், மருந்து, சாத்திரம் எனச் சமணம் போற்றும் தானங்கள் நான்கு. இவற்றுள் அபயதானம் செல்வத்தால் மட்டும் இயலுவதன்று. தம் அச்சத்தை வென்றவரே பிறர் அச்சத்தைத் தீர்க்க வல்லார். இதற்கு வரலாறு தரும் நல்ல சான்று, 1917ஆம் ஆண்டில் பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் நிகழ்ந்தது.

அங்குக் குடியானவர் தம் நிலத்தில் இருபதில் மூன்று பங்கு அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்பது வெள்ளைத் தோட்ட முதலாளிகள் வகுத்த முறை. முதலாளிகளின் கொடுமைக்கு அஞ்சி உழவர் வாய் திறவாதிருந்தனர். ராஜ்குமார் சுக்லா என்னும் உழவர் விடாது அழைக்கவே, காந்தியடிகள் அங்குச் சென்றார். மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு அரசு ஆணையிட்டது. அவர் வெளியேறவில்லை. ஏப்ரல் 18ஆம் நாள் மோதிகாரி நீதிமன்றத்தில், ஆணையை மீறியது உண்மையே என்று ஒப்புக்கொண்டார். நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்தார். பின்னர் அரசு வழக்கையே கைவிட்டது.

இவ்வளவும் பலரும் அறிந்ததே. அதன்பின் நிகழ்ந்தது இன்னும் எண்ணத்தக்கது. உழவர்களின் வாக்குமூலங்களைக் காந்தியடிகளின் தோழர்கள் எழுதியபோது, அரசின் துப்பறியும் துறை அலுவலர் ஒருவர் உடனிருப்பார். அவரை விலக்கினால்தான் உழவர் தயங்காது பேசுவர் என்றே எவரும் கருதுவர். காந்தியடிகளோ அவரை விலக்காமல் மரியாதையுடன் நடத்தச் செய்தார். தரத்தக்க செய்திகளையும் தரச் செய்தார். அலுவலரின் கண்ணெதிரிலேயே உழவர் தம் துயரை உரைத்தனர். நாளடைவில் அவர்தம் அச்சம் தேய்ந்தது. அதிகாரி கேட்கிறார் என்ற உணர்வினால், குறைகளை மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கமும் அடங்கியது.

அரசு அமைத்த விசாரணைக் குழுவில் காந்தியடிகளும் ஓர் உறுப்பினரானார். முதலாளிகள் முறையற்றுப் பெற்ற தொகையில் நூற்றுக்கு 25 பங்கு திரும்பக் கிடைத்தது. 1918இல் அவுரிக் கட்டாயம் சட்டத்தால் ஒழிந்தது. மீண்ட தொகை சிறிதே. எனினும் முதலாளியும் பணிய நேரும் என்பதை உழவர் கண்ணாரக் கண்டனர்.

நோயின் குறி தெரிந்தும் மருத்துவரை நாடாதவர் உளர். பெருகும் கடனின் கணக்கை எடுத்துப் பாராதவர் உளர். பிணங்கிய உடன்பிறப்பின் வீட்டு வாயிலை ஆண்டுக்கணக்கில் மிதியாதவர் உளர். அஞ்சும் பொருளை வாயிற்புறத்தே நிறுத்தினால் அது அங்கேயே காத்து நிற்கும். அதனை அழைத்து எதிரே அமர்த்துக. மரியாதை குறையாமல் மெய்யை உரைக்க. ஒருவர் அவ்வாறு அமர்ந்துவிட்டால், அவரைக் காணும் இல்லத்தார்க்கும் ஊரார்க்கும் அதுவே அபயதானம் ஆகும்.