பலா விரும்பும் செம்மண்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி பக்கம் போகிறவர்கள், நல்ல மழை விட்ட மறுநாள் ஒரு முந்திரித் தோப்புக்குள் இறங்கிப் பாருங்கள். செருப்பில் சேறு அதிகம் அப்பாது. பெய்த தண்ணீர் எங்கே போனது? மண்ணுக்குள்தான்.

அந்தத் தோப்பு நிற்கும் செம்மண் மேடு, கடலூர் மணற்பாறை என்னும் பாறை காலப்போக்கில் உதிர்ந்து உண்டானது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க வெட்டித் தள்ளுவதும் பெரும்பாலும் அதே பாறையைத்தான். இரும்பு ஆக்சைடு ஏறியதால் மண்ணுக்கு இந்தச் சிவப்பு. மணல் பரல்களுக்கு நடுவே இடைவெளி பெரிது. தண்ணீர் இறங்கும், காற்றும் உள்ளே போகும். வேரில் நீர் தேங்கினால் பலா தாங்காது. அதனால்தான் இந்த மேட்டுநிலம் அதற்கு இவ்வளவு ஒத்துப்போகிறது.

குறையும் உண்டு. இறங்கும் நீரோடு சத்தும் கரைந்து போகும். மணிச்சத்தை இரும்பு பிடித்துவைத்துக்கொள்ளும். தொழு உரமும் சருகு மூடாக்கும்தான் இந்த மண்ணுக்குத் தெம்பு. தயவுசெய்து தோப்புச் சருகைக் கொளுத்தாதீர்கள்.

பலாக்கன்று வைக்குமுன் முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். வற்றியதும் மறுபடி ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே பலா வேண்டாம். இன்னும் மேடான இடமாகப் பாருங்கள்.