கற்ற இடத்தைக் குடிப்பெயராகக் கொண்ட கலைஞர்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கலாபவன் மணி நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் ஒரு திரைப்பட நடிகரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் நம்முள் சிலர்க்கு எழுந்தது. அறிஞர் ஒருவரைப் பற்றிப் பேசலாகாதா என்று கேட்டனர். அவ்வினா நியாயமானதே. ஆயினும், யாரைப் பற்றிக் கேட்க விரும்புகிறீர்கள் என்று மாணவர்களை வினவியபோது, பலர் ஒரே பெயரைச் சொன்னார்கள். அப்பெயர் கலாபவன் மணி. அவர் 2016ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மறைந்தபோது இவர்களிற் பலர் எழுத்தறியாக் குழந்தைகள். அப்படியிருந்தும் அவரைத் தம்மவராக அறிந்திருக்கிறார்கள். பிள்ளைகள் விரும்பும் ஒருவரிடமிருந்து பாடம் தொடங்குவதே ஆசிரியனுக்கு அழகு. ஆதலின் இப்பொருளை மனமுவந்து ஏற்றோம்.

மணி 1971ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கேரள மாநிலம் திருச்சூர் மாவட்டத்துச் சாலக்குடியில் பிறந்தார். அவ்வூர் நமக்கு முற்றிலும் அயலூர் அன்று. வால்பாறையிலிருந்து காட்டு வழியே அதிரப்பள்ளி அருவியைக் கடந்து செல்லும் சாலை அங்கேதான் இறங்குகிறது. நம் ஆனைமலையில் ஊறும் சோலையாறு முதலிய சிற்றாறுகள் கூடியே சாலக்குடி ஆறாகின்றன. நம் மலையில் பெய்த மழையே அவர் நீந்தி விளையாடிய நீராயிற்று.

அவர் தந்தையார் இராமன், பிறர் வயலில் கூலிக்கு உழைத்த தொழிலாளி. தாழ்த்தப்பட்ட குடும்பம், உண்ண வாய்கள் பல, உழைக்கக் கைகள் சில. மணி தென்னை மரம் ஏறினார். ஆற்றில் மணல் அள்ளினார். சாலக்குடித் தெருக்களில் ஆட்டோ ஓட்டினார். இவற்றுள் எதனையும் அவர் பிற்காலத்தில் மறைத்ததில்லை. புகழ் பெற்ற பின்னரும் மேடைதோறும், நேர்காணல்தோறும், தம் பசியையும் தந்தையின் கூலியையும் அவர் தாமே எடுத்துரைத்தார். இச்செய்தியைச் சற்றே நினைவில் வையுங்கள். நாம் இதற்குத் திரும்பி வருவோம்.

கொச்சியில் ஏபல் பாதிரியார் 1969ஆம் ஆண்டு தோற்றுவித்த கலைக்கூடம் கலாபவன். பலகுரல் கலையை, அஃதாவது மிமிக்ரியை, மலையாள நாட்டில் மக்கள் கலையாக வளர்த்த பெருமை அதற்கு உண்டு. நடிகர் ஜெயராம் போன்றோர் அங்கிருந்து வந்தவர்களே. அக்கூடத்தில் மணியும் சேர்ந்தார். பறவையும் விலங்கும் வண்டியும் மனிதரும் அவர் தொண்டையில் குடியிருந்தன.

திரையுலகில் அவர் நுழைந்தது 1995ஆம் ஆண்டு வெளிவந்த அட்சரம் என்னும் படத்தில். அதில் அவர் ஏற்ற வேடம் ஆட்டோ ஓட்டுநர். அடுத்த ஆண்டு சல்லாபம் படத்தில் கள்ளிறக்கும் தொழிலாளியாக வந்து மக்கள் மனத்தில் இடம் பிடித்தார். தாம் செய்த தொழில்களையும் தம் அண்டைவீட்டார் தொழில்களையுமே அவர் முதலில் நடித்தார் என்பது எண்ணத்தக்கது. ஏறத்தாழ 200 படங்கள். மலையாளம், தமிழ், தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகள். இவற்றோடு நாடன் பாட்டு எனப்படும் நாட்டுப் பாடல்களையும் அவர் பாடினார். வயலில் நாற்று நடுவோரின் பாட்டு, தெருவில் கேலி பேசுவோரின் பாட்டு, பசித்தவனின் பாட்டு ஆகியன ஒலிநாடாக்களில் ஏறி நாடெங்கும் பரவின. பொள்ளாச்சியிலிருந்து மலையேறும் பேருந்துகளில் அவர் குரலைக் கேட்டபடி நாம் பலமுறை சென்றதுண்டு. மலையாளம் அறியாத தோட்டத் தொழிலாளரும் அப்பாட்டுக்குத் தாளம் போட்டனர். உழைப்பவன் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

அவரது நடிப்பின் உச்சம் 1999ஆம் ஆண்டு வினயன் இயக்கிய வாசந்தியும் லட்சுமியும் பின்னே ஞானும் என்னும் படம். அதில் பார்வையற்ற பாடகன் இராமுவாக வாழ்ந்தார். சிரிப்பு நடிகர் என்று அதுவரை எண்ணியிருந்தோர் திகைத்தனர். சிறந்த நடிகர் விருது அவர்க்குக் கிட்டவில்லை. தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும், கேரள அரசின் விருதில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் கிட்டின.

இனி நாம் கூறப்போவது சற்றே கசப்பானது. அதே கதையை வினயனே 2001ஆம் ஆண்டு காசி என்ற பெயரில் தமிழில் எடுத்தார். பார்வையற்ற பாடகனாக விக்ரம் நடித்தார், நன்றாகவே நடித்தார், அதில் நமக்குக் குறையொன்றுமில்லை. அடுத்த ஆண்டே ஜெமினி படம் வந்தது. அதில் விக்ரம் நாயகன். மணியோ விலங்குகளைப் போல் குரல் காட்டி மிரட்டும் எதிரி. அவ்வேடத்திற்குச் சிறந்த வில்லன் நடிகருக்கான பிலிம்பேர் விருதும் கிடைத்தது. பின்னர் 2010இல் எந்திரன் படத்தில் நாயகியைத் தொல்லை செய்யும் பச்சைமுத்து. 2015இல் பாபநாசம் படத்தில் கொடுமை செய்யும் காவலர் பெருமாள். தமிழ்த் திரை அவருக்கு வழங்கிய வேடங்களுள் நம் நினைவில் நிற்பவை இத்தகையவையே. கரிய மேனியும் உரத்த சிரிப்பும் கண்டவுடன் முரடன் என்று முடிவு செய்யும் கண்கள் திரைக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. நம் பிள்ளைகள் திரைப்படம் பார்க்கட்டும். வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் திரையில் யார் நாயகன், யார் முரடன், யார் நகைப்புக்குரியவன் என்று முகத்தையும் நிறத்தையும் கொண்டு வகுக்கப்படுவதைக் கண்டுகொள்ளும் அறிவோடு பார்க்கட்டும்.

அவையோர்களே! அவர் பெயரைக் கவனியுங்கள். மலையாள நாட்டில் பெயரோடு குலப்பெயரைச் சேர்த்துக்கொள்வோர் இன்றும் பலர். இவரோ கலாபவன் என்று சேர்த்துக்கொண்டார். அக்கூடத்தில் பயின்ற பலரும் கைக்கொள்ளும் வழக்கந்தான் அது. ஆயினும் இவர் பெயரில் அமர்ந்தபோது அதற்குத் தனிப்பொருள் உண்டாயிற்று. தாம் கற்ற இடத்தையே அவர் குடிப்பெயராகக் கொண்டார். எந்த மலையாள நாட்டில் அது நிகழ்ந்தது? நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று மாவீரர் அய்யன்காளி வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்த நாட்டில். பள்ளி வாயில் மறுக்கப்பட்ட மக்களின் பேரன் ஒருவன், கற்ற இடத்தின் பெயரைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டான்.

அதே நாட்டின் முதல் திரைப்படத்தையும் எண்ணிப்பாருங்கள். 1920களின் இறுதியில் ஜே. சி. டேனியல் எடுத்த விகதகுமாரன் அது. அதில் நாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி, நம்மவர். உயர்சாதிப் பெண்ணாக ஒரு தாழ்த்தப்பட்ட பெண் நடிப்பதா என்று சினந்தோர் கல்லெறிந்தனர். அவர் ஊரைவிட்டே ஓடித் தமிழகத்திற்கு வந்து, வேறு பெயர் பூண்டு, தாம் நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து மறைந்தார். ஒருவர் தம் பெயரையே ஒளிக்க நேர்ந்தது; பின்வந்த ஒருவர் தம் தந்தையின் கூலியையும் ஒளிக்காமல் உரைத்தார். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் நம் மக்கள் நடந்த தொலைவு இது.

அத்தொலைவை நாம் முழுதும் நடந்துவிட்டோமா? நம் வாழ்விலிருந்து ஒன்று கூறுவோம். ஆசிரியப் பணியேற்ற புதிதில், பணியூரில் வாடகைக்கு வீடு தேடினோம். நம் தந்தையாரும் உடன் வந்திருந்தார். வீட்டுக்காரர் இருக்கை தந்து, தண்ணீரும் தந்து, "அப்பா என்ன செய்கிறார்?" என்று வினவினார். அவ்வினாவின் உட்பொருள் நமக்குப் புரிந்தது. "விவசாயம்" என்றோம். நிலம் எவருடையது என்பதைச் சொல்லவில்லை. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அவ்வீட்டை விட்டு வெளியேறும்வரை தம் காய்த்துப்போன கைகளை மேல்துண்டுக்குள் வைத்திருந்தார். வீடு கிடைத்தது. அந்த ஒரு சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. கேட்டபோது அவர் சிரித்து, "வாத்தியாருக்கு வீடு வேணுமில்ல" என்றார். அச்சொல்லை நினைக்குந்தோறும் இன்றும் தலை குனிகிறோம்.

நம் வயதையொத்தவரே மணி. நாம் ஒருவர் முன் சொல்லக் கூசியதை அவர் இலட்சம் பேர் முன் சொன்னார். அவரை நாம் போற்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

தலைமையாசிரியர் என்ற முறையில் ஆண்டுதோறும் சேர்க்கைப் படிவங்களைப் பார்க்கிறோம். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் பிள்ளைகள் தயங்கித் தயங்கி எழுதுவதையும் பார்க்கிறோம். துப்புரவுப் பணி செய்பவரின் மகன் "அரசுப் பணி" என்று எழுதுகிறான். செருப்புத் தைப்பவரின் மகள் "சுயதொழில்" என்று எழுதுகிறாள். அவர்களை நாம் கடிந்துகொள்வதில்லை. வாடகை வீட்டுக்காகப் பொய் சொன்னவன் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள உரிமை உடையவன் அல்லன். குற்றம் மறைப்பவனுடையது அன்று. மறைக்கச் செய்யும் சமுதாயத்தினுடையது. ஆயினும், பெற்றோரின் தொழிலில் இழிவில்லை, இழிவு அத்தொழிலுக்கு உரிய கூலியும் மதிப்பும் தராதவரிடமே உள்ளது என்ற தெளிவு உள்ளத்தில் பிறந்துவிட்டால், அக்கட்டத்தில் கை நடுங்காது. அத்தெளிவைத் தருவதே கல்வி.

மணியின் இளவல் இராமகிருஷ்ணன் அவர்களையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அவர் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியில் நடனம் பயின்றார். மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவரும் கல்லூரியின் பெயரையே முன்னே வைத்து ஆர்.எல்.வி. இராமகிருஷ்ணன் என்று அழைக்கப்படுகிறார். கரிய நிறத்து ஆண் மோகினியாட்டம் ஆடுவதா என்று 2024ஆம் ஆண்டு இழிசொல் எழுந்தது. கேரளம் கொதித்தது, கேரளக் கலாமண்டலம் அவரை அழைத்துத் தன் அரங்கிலேயே ஆடச் செய்தது. மறு ஆண்டு அதே நிறுவனத்தில் பரதநாட்டிய உதவிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இழிசொல்லை எதிர்த்து நிற்க அவரிடம் தன்மானம் இருந்தது; அதனோடு பட்டமும் பயிற்சியும் இருந்தன. அண்ணன் திறமையால் கதவைத் தட்டினார். தம்பி கல்வியால் உள்ளே சென்று அமர்ந்தார். இரண்டும் வேண்டும் என்பதற்காகவே இக்கழகம் மாலைதோறும் விளக்கேற்றி வைத்திருக்கிறது.

இறுதியாக ஒன்று. பாராட்டுரையில் பலரும் தவிர்க்கும் செய்தி. ஆயினும் இளைஞர் முன் நிற்கும் ஆசிரியன் அதனைத் தவிர்த்தல் ஆகாது. மணி மறைந்தபோது அவர்க்கு வயது 45. அவர் மறைவு குறித்துப் பல ஐயங்கள் எழுந்தன, விசாரணை நீண்டது. மத்தியப் புலனாய்வுத் துறை 2019ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, கல்லீரல் நோயே காரணம் என்று கண்டது. அந்நோய்க்கு மதுவே துணை நின்றது. அவரைப் பழிக்க நாம் இதனைக் கூறவில்லை. ஆற்றங்கரையில் நண்பர் சூழ வாழ்ந்த அன்புள்ளம் அது; வறியோர் மருத்துவத்திற்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வாரி வழங்கிய கை அது. வறுமையையும் இழிவையும் வென்றவரை மது வென்றுவிட்டது என்பதே நம் துயரம். நம் தெருக்களில் இத்துயரம் எத்தனை வீடுகளில் உண்டு என்பதை நீங்களே அறிவீர்கள். அவர் பாட்டைப் பாடுங்கள். அவர் சிரிப்பைச் சிரியுங்கள். அவர் நிமிர்வைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் கோப்பையை மட்டும் ஏந்தாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! வரும் சூன் திங்களில் நீங்கள் படிவம் நிரப்புவீர்கள். அக்கட்டத்தில் தந்தையின் தொழிலை, தாயின் தொழிலை, உள்ளபடி எழுதுங்கள். எழுதக் கூச்சமாயின் நம்மிடம் வாருங்கள். நாம் அருகில் அமர்ந்திருப்போம். நாளை நீங்கள் கற்ற இடத்தின் பெயர் உங்கள் பெயரோடு சேர்ந்து ஒலிக்கட்டும். அதுவே சாலக்குடி மணிக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.