மனாவுஸில் மூச்சை நிறுத்தியது யார்?



2021 ஜனவரி 14. பிரேசிலில் அமேசான் காட்டுக்கு நடுவே இருக்கும் மனாவுஸ் நகரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. இருபது லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர். பெற்ற பிள்ளைகள் காலி சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு கடைகடையாக அலைந்தார்கள். கோவிட் வார்டுகளில் மனிதர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். சுற்றிலும் உலகத்தின் மிகப் பெரிய மழைக்காடு. ஊருக்குள் மூச்சுக்கு வழியில்லை.

ஒதுக்குப்புறமான ஊர், சாலை சரியில்லை, நோய் திடீரென்று பெருகிவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாடட்டும். அதற்கு முந்தைய மூன்று வாரங்களை மட்டும் புரட்டிப் பார்ப்போம்.

தொற்று ஏறுவதைக் கண்டு அமேசோனாஸ் மாநில ஆளுநர் வில்சன் லிமா டிசம்பர் கடைசியில் கடைகளை மூடச் சொன்னார். (அங்கே ஆளுநர் என்பவர் நியமிக்கப்படுகிறவர் அல்ல, நம் முதலமைச்சர் மாதிரி மக்கள் ஓட்டில் வருகிறவர்.) டிசம்பர் 26இல் கூட்டம் தெருவில் இறங்கியது. ஆளுநர் உத்தரவைத் திரும்பப் பெற்றார். அதிபர் போல்சனாரோவின் ஆதரவு எம்.பி.க்கள் மக்கள் வென்றுவிட்டதாகக் கொண்டாடினார்கள். லிமா 2018இல் போல்சனாரோ அலையில் கரையேறியவர். அந்த அலையை எதிர்த்து நிற்க அவருக்குத் தெம்பு இல்லை.

அடுத்து மத்திய சுகாதார அமைச்சர். பெயர் எட்வர்டோ பசுவேல்லோ. மருத்துவர் அல்ல, ராணுவ ஜெனரல். சரக்குகளை இடம் சேர்ப்பதில் சூரர் என்ற பேரோடு பதவிக்கு வந்தவர். ஆக்சிஜன் தீர்வதற்குச் சில நாட்களுக்கு முன்பு அவர் மனாவுஸில்தான் இருந்தார். எதற்காக? 'முன்கூட்டிய சிகிச்சை' என்ற பெயரில், கோவிட்டுக்குப் பலன் நிரூபிக்கப்படாத குளோரோகுயின் வகையறா மாத்திரைகளுக்குப் பிரசாரம் செய்ய! ஆக்சிஜன் தட்டுப்பாடு ஜனவரி 8ஆம் தேதியே அமைச்சகத்துக்குத் தெரியும் என்று அரசுத் தரப்பே பின்னர் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. ஆறு நாள்! சரக்கு அனுப்புவதில் சூரரின் கையில் ஆறு நாள் இருந்தது, நண்பர்களே.

கடைசியில் லாரிகளில் ஆக்சிஜன் அனுப்பியது யார் தெரியுமா? வெனிசுலா. எந்த மதுரோவின் அரசை அரசாகவே ஏற்க மாட்டோம் என்று போல்சனாரோ சொன்னாரோ, அந்த மதுரோவின் வெனிசுலா. நோயாளிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பிய ஊர்களில் முதலாவது, எதிர்க்கட்சியான தொழிலாளர் கட்சி ஆண்ட பியாவீ மாநிலத்தின் தலைநகரம்.

அதிபர் பக்கம், எதிர்ப்பக்கம் என்ற இந்தப் பிளவு மனாவுஸில் பிறந்ததல்ல. 2020 மார்ச் 24இல் அதிபர் தொலைக்காட்சியில் தோன்றி, தடகள வீரனாக இருந்த தனக்கு இது வந்தால் சின்ன சளிக்காய்ச்சலாகப் போய்விடும் என்று பேசியபோதே நாடு இரண்டாகிவிட்டது. ஏப்ரல் 15இல், நோய்த் தடுப்பு நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாளே, ஊரடங்கை ஆதரித்த சுகாதார அமைச்சர் மாண்டேட்டாவை அதிபர் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்து வந்த மருத்துவர் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் ஜெனரல்.

தீர்ப்பை அதிபர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றம் தன் கைகளைக் கட்டிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மத்திய அரசின் பொறுப்பை நாங்கள் பறிக்கவே இல்லை என்று நீதிமன்றமே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. மாநில உரிமை என்பது மத்திய அரசு கையைக் கழுவிக்கொள்ளும் தண்ணீர்க் குழாய் அல்ல!

உரிமை கிடைத்த மாநிலங்கள் பட்ட பாட்டுக்கு மரான்யோ ஒரு சாட்சி. நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. அப்போதைய ஆளுநர் ஃபிளாவியோ டீனோ, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். சீனாவிலிருந்து வென்டிலேட்டர் வாங்கப் பார்த்தார். ஒருமுறை அமெரிக்கா குறுக்கே வந்தது, ஒருமுறை ஜெர்மனி, ஒருமுறை சொந்த மத்திய அரசே. பிறகு எத்தியோப்பியா வழியாக 107 வென்டிலேட்டர்களைச் சாவ் பாவ்லோவில் இறக்கி, அங்கே சுங்கச் சோதனைக்கு நிற்காமல் நேராகத் தன் தலைநகருக்குக் கொண்டுபோனார். ஒரு நாட்டின் மாநில அரசு, தன் மக்களுக்கு மூச்சு தரும் கருவியைத் தன் நாட்டு அரசின் கண்ணில் படாமல் கொண்டுவருகிறது! வருவாய்த் துறை அதற்கும் நடவடிக்கை எடுப்போம் என்று மிரட்டியது.

எதிரணி ஆளுநர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று இந்த மேடை சொல்லவில்லை. வடகிழக்கு மாநிலங்களின் கூட்டமைப்பு 300 வென்டிலேட்டர்களுக்கு முன்பணமாகச் சுமார் 4.8 கோடி பிரேசில் ரெயால் கட்டியது. ஒன்றுகூட வந்து சேரவில்லை. அதிபரோடு முறுக்கிக்கொண்ட ரியோ ஆளுநர் விட்செல், கோவிட் காலக் கொள்முதல் ஊழலில் 2021இல் பதவி பறிக்கப்பட்டார். நாடு முழுவதற்கும் ஒரே கையாக வாங்க வேண்டியதை ஆளாளுக்குச் சந்தையில் ஓடிப் பிடிக்க விட்டால், தரகனுக்குத்தான் கொண்டாட்டம்.

தடுப்பூசிக் கதை இன்னும் கேவலம். 2018இல் போல்சனாரோவின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டவர், அப்போதைய சாவ் பாவ்லோ ஆளுநர் ஜோவா டோரியா. பிறகு முறிந்தது. டோரியாவின் மாநிலத்தில் இருக்கும் புட்டான்டான் நிறுவனம், சீனாவின் சைனோவேக்கோடு சேர்ந்து கொரோனாவேக் தடுப்பூசியைக் கொண்டுவந்தது. அதில் 4.6 கோடி டோஸ் வாங்குவதாக ஜெனரல் அமைச்சர் 2020 அக்டோபர் 20இல் அறிவித்தார். மறுநாளே அதிபர் ரத்து செய்தார். சோதனையில் பங்கேற்ற ஒருவர் இறந்து, சோதனை நிறுத்தப்பட்டபோது, தான் இன்னொரு முறை வென்றுவிட்டதாக அதிபர் சமூக ஊடகத்தில் எழுதினார். அந்தச் சாவுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பே இல்லை.

டோரியாவை முந்த வேண்டுமே! இந்தியாவிலிருந்து 20 லட்சம் கோவிஷீல்டு டோஸ் கொண்டுவர விமானத்தை அலங்கரித்துத் தயார் செய்தது மத்திய அரசு. இந்தியா தன் மக்களுக்கே அப்போதுதான் ஊசி போடத் தொடங்கிக்கொண்டிருந்தது, பயணம் தள்ளிப்போனது. 2021 ஜனவரி 17இல் ஒப்புதல் வந்த சில நிமிடங்களில் சாவ் பாவ்லோவில் ஒரு செவிலியர் கொரோனாவேக்கின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார், பக்கத்தில் டோரியா, எதிரே கேமரா. விளம்பரம்தான். இருக்கட்டுமே, ஊசி உண்மையானது.

இந்தச் சண்டை தலைவர்களோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று விடலாம். கைப்பேசி இருப்பிடத் தரவுகளை வைத்துப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அதிபர் ஊரடங்கைக் கேலி செய்த பிறகு, அவருக்கு ஓட்டு அதிகம் விழுந்த நகராட்சிகளில் மக்கள் வீடடங்கி இருப்பது குறைந்தது. அவரை நம்பியவர்களைத்தான் அவர் பேச்சு முதலில் தெருவுக்குத் தள்ளியது. பிரேசிலில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தண்டனை என்ன ஆயிற்று? 2021 அக்டோபரில் செனட் விசாரணைக் குழு, அதிபர்மீது ஒன்பது குற்றங்களைச் சுமத்தும் அறிக்கையை 7க்கு 4 என்ற வாக்கில் ஏற்றது. அவரே நியமித்த தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் அவற்றில் பெரும்பாலானவற்றை 2022இல் கைவிடச் சொன்னது. அதே ஆண்டு தேர்தலில் போல்சனாரோ நூலிழையில் தோற்றார். ஆனால் லிமா மறுபடியும் ஆளுநரானார். ஜெனரல் பசுவேல்லோ ரியோவிலிருந்து எம்.பி. ஆனார், அந்த மாநிலத்திலேயே இரண்டாவது அதிக ஓட்டோடு.

2025 செப்டம்பரில்தான், அந்த அறிக்கையை வைத்து விசாரணை நடத்தும்படி மத்தியக் காவல்துறைக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். அந்த நீதிபதி, எத்தியோப்பியா வழியாக வென்டிலேட்டர் கொண்டுவந்த அதே ஃபிளாவியோ டீனோ. பழைய எதிராளியே நீதிபதி நாற்காலியில் இருந்து உத்தரவிடலாமா என்று யாரேனும் கேட்டால், அது நியாயமான கேள்விதான். நான்காண்டுகள் அந்த அறிக்கையை மற்றவர்கள் ஏன் தொடவில்லை என்பதற்கும் அப்படிக் கேட்பவர்களே பதில் சொல்லட்டும்.