இல்லாத காலின் வலி

நான் இங்கே மெரிலேண்ட்ஸில் பக்டரித் தொழிலாளி. ஏ.எல். வரை படித்த விலங்கியல் கொஞ்சம் ஞாபகம்.

மூளையின் பெரும்பகுதி மூளையம். சிந்தனை, பேச்சு, உணர்வு அதன் வேலை. பின்னாலுள்ள மூளி உடம்பின் சமநிலையைப் பார்க்கும். கீழே நீள்வளைய மையவிழையம் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும்.

ஊரில் மிதிவெடியில் காலை இழந்த நண்பன், "இல்லாத கால் உளையுதடா" என்பான். நாங்கள் சிரித்தோம். அது பிழை. கால் போனாலும் மூளையத்தில் காலுக்குரிய இடம் இருக்கிறது. சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில், இருக்கிற கையைக் கண்ணாடியில் காட்டி, இழந்த கை அசைவதாக மூளையை நம்பவைத்தார். சிலருக்கு வலி குறைந்தது.

எங்கட ஆட்கள் யாரும் அப்படிச் சொன்னால் விசர் என்று சிரிக்காதேங்கோ. டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ.