கடைமடையின் விருந்தினர்



பறவையைத் தூதுவிடும் மரபு தமிழுக்குப் பழையது. தம் வறிய நிலையை மனைவியிடம் சொல்லுமாறு சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையை வேண்டினார். தெற்கே வந்த நாரை வடக்கே திரும்பும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று அறிவியல் வலசை என்று கூறுவது அதுவே.

அவ்வலசையை நேரிற் காண விரும்புவோர் காரைக்காலிலிருந்து நாகை, வேதாரணியம் வழியே கோடிக்கரை செல்லவேண்டும். சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயிலாலும் கல்கி படைத்த பூங்குழலியாலும் தமிழர் அறிந்த ஊர் அது. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2002இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாயிற்று. தமிழ்நாட்டில் அத்தகுதியை முதலிற் பெற்றது அதுவே.

மார்கழியில் அங்குச் செல்வோர் முதலிற் காண்பது வெறும் சேறு. பொறுத்து நின்றால் அச்சேறு அசையும். வடதுருவத்தை ஒட்டிய நிலத்திலிருந்து வந்த கொசு உள்ளான், எடை முப்பது கிராமும் தேறாதது, புழுவைக் கொத்திக்கொண்டிருக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி இரைதேடும். காட்டோரப் புல்வெளியில் வெளிமான்கள் மேயும். சாலிம் அலியின் வழிகாட்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்குப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தனர். புலவர் சொல்லைக் கொடுத்தனுப்பினார்; ஆய்வாளர் எண்ணைக் கட்டியனுப்பினர்.

அந்நிலத்தைப் பாழ்நிலம் என்பது பிழை. கடலின் உப்பும் ஆற்றின் நன்னீரும் அளவாகக் கலந்தால்தான் அச்சேற்றில் புழுவும் நத்தையும் இறாலும் பெருகும். மேற்கே அணைகளில் நீர் தங்கிவிட, ஆற்றின் கடைசிக் கிளைகள் வறண்டால் உப்பு மிகும்; இரை குறையும்; பறவையும் குறையும். காவிரியின் கடைமடையில் நீருக்குக் காத்திருக்கும் இவ்வூர் உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வரிச்சிக்குடி வயலும் கோடிக்கரைச் சேறும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டுமே கடைசியில் நிற்கின்றன.

ஆயினும், கடலிற் சேரும் ஆற்றுநீரெல்லாம் வீண் என்னும் பேச்சு இங்கும் எழுவதுண்டு. அது வீணன்று. அதில் ஒரு பகுதி, வாய்திறந்து கேட்கத் தெரியாத உயிர்களின் பங்கு. தம் பங்கைக் கேட்கும் கடைமடை உழவர், அவற்றின் பங்கையும் சேர்த்துக் கேட்பதே முறை.

பத்தாம் ஆண்டு காணும் இவ்வட்டத்தினர் வரும் மார்கழியில் பிள்ளைகளுடன் கோடிக்கரை சென்றுவர வேண்டும். ஒரு தொலைநோக்கியும் சிறிது பொறுமையும் போதும்.