கண்ணொளி தரும் ஸதகா

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவன் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



தர்மம் இருவகைப்படும். கொடுத்த அன்றே தீர்ந்துவிடுவது ஒன்று. கொடுத்தவர் மறைந்த பின்னரும் பயன் தருவது மற்றொன்று. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை அண்ணலார் காட்டினார்கள். விற்கவோ, அன்பளிக்கவோ, வாரிசாகப் பெறவோ இயலாத அந்நிலம் வக்ஃபுக்கு முன்மாதிரியாயிற்று. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய பெரும் மருத்துவமனையும் வக்ஃபு வருமானத்தால் நடந்ததே.

நம் கரிசல் மண்ணிலும் இதையொத்த ஓர் உதாரணம் உண்டு. எட்டயபுரம் வட்டாரத்து அயன்வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறக்கட்டளையாக நடக்கும் அங்கே, வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணமே ஏழைகளின் சிகிச்சையையும் தாங்குகிறது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை அன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. விலையோ ஏழைக்கு எட்டாதது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை முதலானோர் உதவியுடன் 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டு, மலிவான வில்லை இங்கேயே உருவாயிற்று. நற்காரியம் எவரிடம் காணப்பட்டாலும் அதிலிருந்து பாடம் பெறுவது முஃமினுக்கு அழகு.

சகோதரர்களே! சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்தார் பலர் வரவில்லை. பேருந்துக் காசு, சாப்பாட்டுச் செலவு, இழக்கும் கூலி, துணைக்கு ஆளின்மை, அறுவை சிகிச்சை பற்றிய அச்சம் ஆகியவை தடுத்தன. இதையறிந்த மருத்துவமனையார், முகாமிலிருந்து நோயாளிகளை வாகனத்தில் அழைத்துச் சென்று, உணவளித்துத் திருப்பியனுப்பும் ஏற்பாட்டைச் செய்தனர். ஆனால் வீட்டுத் திண்ணையிலிருந்து முகாம் வரையுள்ள தூரத்தை எந்த அறக்கட்டளையின் பணமும் கடந்துவிடாது. அது மஹல்லாவின் பொறுப்பு.

கண்புரையால் சுவரைத் தடவி நடக்கும் தாயைப் பார்த்து, "வயதாகிவிட்டது, இனி எதற்கு?" என்று பிள்ளைகள் இருந்துவிடலாமா? ஒளுச் செய்யவும் பிறர் கையை எதிர்பார்க்கிறாரே! ஒரு சிறு அறுவை சிகிச்சையால் நீங்கக்கூடிய குறையை விட்டுவைப்பது பெற்றோருக்குச் செய்யும் உபகாரமாகுமா?

ஆகவே, இன்று வீடு திரும்பியதும் முதியோரின் கண்களைக் கவனியுங்கள். வாலிபர்கள் தெருவாரியாகப் பெயர்களை எழுதி முத்தவல்லியிடம் கொடுங்கள். முகாம் அறிவிக்கப்பட்டதும் வாகனம் அமர்த்தி, துணைக்குச் சென்று, திரும்பியபின் சொட்டு மருந்து விடுகிறார்களா என்றும் பாருங்கள். ஜகாத் தகுதியுள்ளவர் கையில் சேரவேண்டியது; எனவே வாகன வாடகையை நஃபிலான ஸதகாவிலிருந்து கொடுங்கள். பக்கத்துத் தெருவின் இந்து, கிறிஸ்தவ முதியோருக்கும் அந்த வாகனத்தில் இடமிருக்கட்டும். அண்டை வீட்டாரின் உரிமைக்கு மதம் தடையன்று.

வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் உழைப்பிலும் பரக்கத் செய்து, நம் ஸதகாவை நிலைத்த நன்மையாக ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.